1946 கறுப்பின பேஸ்பால் அட்டவணைத் தொகுப்பு: நாலு மாதம் பாவித்த பிறகு

பன்னிரண்டு கனேடிய டொலர். ஸ்காபரோவில் இருக்கிற மருமகன்தான் தன்னுடைய கார்டில் கட்டினான். கட்டுவதற்கு முன்னம் போனில் கேட்டான்: "மாமா, எண்பது வருசத்துக்கு முந்தி எவரோ விளையாடின மேட்ச்சின்ர திகதிப் பட்டியலுக்கோ காசு?"

"ஓம் தம்பி, அதுக்குத்தான். கட்டு," என்றேன்.

அன்றிரவே கோப்புகள் மின்னஞ்சலில் வந்துவிட்டன. நாலு மாதமாக அநேகமாக ஒவ்வொரு இரவும் அவற்றோடுதான் இருக்கிறேன். காசு வீண்போகவில்லை. ஆனால் வாங்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதைத் தயாரித்தவரிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்தத் தொகுப்பின்மேல் முழு நம்பிக்கை வந்தது.

இது என்ன சாமான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பேஸ்பால் பருவம் ஒன்றைக் கணினியில் திரும்ப நடத்திப் பார்க்கிற விளையாட்டுகள் இருக்கின்றன. 1999இலிருந்து வந்துகொண்டிருக்கும் அவுட் ஆஃப் த பார்க் இந்த வகையில் பேர்போனது. இதில் நாம் மட்டையைப் பிடிப்பதில்லை. அந்த வருடத்து வீரர்களின் உண்மையான கணக்குகளை வைத்துக்கொண்டு கணினி ஆட்டத்தை நடத்தும். யாரை இறக்குவது, எந்தப் பிட்ச்சரை, அதாவது பந்து வீசுபவரை, எப்போது மாற்றுவது என்று நாம் முடிவெடுப்போம். இதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, வீரர்களின் கணக்கு. மற்றது, எந்த நாளில் எந்த அணி எந்த ஊரில் யாரோடு ஆடியது என்ற அட்டவணை. அட்டவணை என்பது வெறும் எழுத்துக் கோப்புத்தான். ஒரு வரியில் ஓர் ஆட்டம்: நாள் எண், தொடங்கும் நேரம், வந்த அணி, வீட்டு அணி. நாமே எழுதியும் போடலாம், மற்றவர் எழுதியதை வாங்கியும் போடலாம்.

நான் வாங்கியது 1946இல் அமெரிக்காவில், வெள்ளையரின் பெரிய லீக்குகள் உள்ளே விடாத கறுப்பின வீரர்களின் இரண்டு லீக்குகள் ஆடிய பருவம். அந்தக் காலத்துப் பெயரில் நீக்ரோ நேஷனல் லீக், நீக்ரோ அமெரிக்கன் லீக். ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள். தொகுப்பில் நான்கு கோப்புகளும் பதினெட்டுப் பக்க விளக்கக் குறிப்பு ஒன்றும் இருக்கின்றன. தயாரிப்பவர் ஒரு தனி ஆள், கம்பனி இல்லை. குறையும் சொல்லப்போவதால் அவர் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். இப்படியான தொகுப்பு எதை யாரிடம் வாங்கினாலும் கீழே சொல்வது பொருந்தும்.

இலங்கையில் திருகோணமலையில் இருக்கிற ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எல்லே என்ற எங்கள் நாட்டு மட்டைப் பந்தாட்டம் விளையாடி வளர்ந்தவனுக்குப் பேஸ்பால் விளங்க அரை மணி நேரம் காணும். பந்தை அடி, வட்டத்தைச் சுற்றி ஓடு, வீட்டுக்கு வந்து சேர். ஆனால் என்னை இழுத்தது ஆட்டத்தைவிட அதன் பதிவு. பதினெட்டு வயதிலிருந்து நான் கிரிக்கெட் ஸ்கோரர். மெக்கெய்சர் மைதானத்தில் பாடசாலை ஆட்டங்கள், கழக ஆட்டங்கள் என்று எத்தனையோ பின்னேரங்கள் மேசைக்குப் பின்னால் இருந்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் ஆட்டம் நடக்குமா என்பது காலையில்தான் தெரியும். ஊரடங்கு போட்டால் அன்றைய ஆட்டம் போய்விடும். பிறகு எந்த நாளில் வைத்தார்கள், வைத்தார்களா இல்லையா என்பது அங்கிருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். பதினாறு வருடத்து ஸ்கோர் புத்தகங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கித் திருக்கடலூரில் எங்கள் வீட்டில் வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து பெட்டியோடு கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு அந்த வருடங்களின் ஆட்டப் பட்டியலைத் திரும்ப எழுத முயன்றேன். பத்திரிகைத் துண்டுகள், பழைய மாணவர்களின் ஞாபகம், ஓர் ஆசிரியரின் டயறி. எழுதும்போது ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். நான் கண்டதும் அச்சில் இருந்ததும் பேனையில். கேள்விப்பட்டது பென்சிலில். தெரியாத இடம் வெறுமையாக. அந்தக் கொப்பி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. இந்த அமெரிக்க அட்டவணையையும் அதே கண்ணால்தான் பார்த்தேன்.

இந்த லீக்குகளின் அட்டவணையை மீட்பது ஏன் இவ்வளவு பாடு என்பதை விளக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தொகுப்பின் நல்லதும் கெட்டதும் அதில்தான் கிடக்கிறது. அதே 1946இல் வெள்ளையரின் பெரிய லீக் ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு தலா 22 ஆட்டம், மொத்தம் 154. கணக்கு நேராக வரும். கறுப்பின அணிகளுக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலான அணிகளுக்குச் சொந்த மைதானமே கிடையாது. நியூவார்க் ஈகிள்ஸ் ஆடிய ருப்பர்ட் மைதானம் யாங்கீஸ் என்ற வெள்ளையர் அணியின் கீழ்நிலை அணிக்குரியது. நியூயோர்க் கியூபன்ஸ் ஆடியது இன்னொரு வெள்ளையர் அணியான ஜயண்ட்ஸின் போலோ கிரவுண்ட்ஸில். வெள்ளையர் அணி வெளியூர் போகிற நாட்களில் வாடகை கட்டித்தான் உள்ளே போகலாம். ஆகவே இவர்களின் அட்டவணை இன்னொருவரின் அட்டவணையில் விழுகிற இடைவெளிகளில் எழுதப்பட்டது. மெம்பிஸ் ரெட் சொக்ஸ் விதிவிலக்கு. அங்கே அணியை நடத்திய மார்ட்டின் சகோதரர்களுக்கே மைதானமும் சொந்தம். பிலடெல்பியா ஸ்டார்ஸ் ஆடிய 44ஆம் தெரு மைதானத்துக்குப் பக்கத்தில் ரயில் எஞ்சின் கொட்டகை. புகை வந்து மூடினால் கலையும் வரைக்கும் எல்லோரும் காத்து நிற்பார்களாம்.

அப்புறம் காசு. லீக் ஆட்டங்களின் வருமானம் மட்டும் போதாது. கிழமை நாட்களில் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய் அங்குள்ள அணிகளோடு கண்காட்சி ஆட்டம் ஆடினால்தான் சம்பளம் கொடுக்கலாம். கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸின் உரிமையாளர் வில்கின்சன் 1930இலேயே லொறிகளில் விளக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஊரூராக இரவு ஆட்டம் நடத்தியவர். இந்தக் கண்காட்சி ஆட்டங்கள் லீக் புள்ளிப் பட்டியலில் சேராது. ஆனால் வீரர்களின் உடம்பிலும் பிட்ச்சர்களின் தோளிலும் சேரும்.

செய்தியும் ஒழுங்காக வராது. இந்த ஆட்டங்களை எழுதியவை பெரும்பாலும் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள், வாரத்துக்கு ஒருமுறை வருபவை. ஞாயிறு ஆட்டம் பெரிதாக வரும். செவ்வாய் இரவு எங்கோ ஒரு சிற்றூரில் நடந்ததை யாரும் தந்தியில் அனுப்பாவிட்டால் அது அச்சுக்கு வராமலே போய்விடும். பிற்காலத்தில் ஆட்கள் உட்கார்ந்து பத்திரிகை பத்திரிகையாகத் தேடி இதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். 2011இல் சீம்ஹெட்ஸ் தரவுத்தளம் வந்தது. ரெட்ரோஷீட் என்ற அமைப்பு 1989இலிருந்து பழைய ஆட்டங்களைச் சேர்த்து இலவசமாகக் கொடுத்துவருகிறது, கறுப்பின லீக் ஆட்டங்களையும் சேர்த்து. 2020 டிசம்பரில் 1920 முதல் 1948 வரையான ஏழு கறுப்பின லீக்குகளையும் மேஜர் லீக், அதாவது முதல்தர லீக், என்று அமெரிக்க பேஸ்பாலை நடத்துகிறவர்கள் ஏற்றார்கள். 2024 மே மாதத்தில் அந்தக் கணக்குகள் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறின. ஆயிரம் தடவை அடிக்க நின்றால் 372 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்வது) என்ற சராசரியோடு ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் ஜோஷ் கிப்சன் எல்லாருக்கும் மேலே போய் நின்றது அப்போதுதான். இத்தனை பேர் உழைத்து வைத்ததை ஒரு விளையாட்டுக் கோப்பாக மாற்றுகிறவர் அந்த உழைப்புக்கு மரியாதை கொடுக்க வேண்டும். என் கேள்வி அது ஒன்றுதான்.

இனி தொகுப்பு.

திறந்ததும் முதலில் தேடியது மே 5, ஞாயிறு, நியூவார்க். அன்று பருவத்தின் தொடக்க ஆட்டம். நியூவார்க்கின் பிட்ச்சர் லியோன் டே இரண்டு வருடத்துக்கு மேல் இராணுவத்தில் இருந்துவிட்டு, நார்மண்டிக் கரையில் இறங்கிவிட்டுத் திரும்பி வந்தவர். வந்த கையோடு பிலடெல்பியா ஸ்டார்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 2–0 என்று வென்றார். அந்த வரி கோப்பில் சரியாக இருந்தது: வந்த அணி பிலடெல்பியா, வீட்டு அணி நியூவார்க், பகல் ஆட்டம். விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார், "டேயை நீங்களே பிட்ச்சராக நிறுத்துங்கள், கணினியிடம் விடாதீர்கள்" என்று. அந்த ஒரு வரியைப் படித்ததும் ஆட்டம் தெரிந்த ஆள்தான் இதைச் செய்திருக்கிறார் என்று விளங்கியது. என் கணினியில் டே ஐந்து ஹிட் கொடுத்து 4–1 என்று வென்றார். ஆறாவது இன்னிங்ஸில் முதல் ஹிட் விழுந்தபோது கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன்.

1946 என்றால் எனக்கு அம்மப்பாவும் ஞாபகம் வருவார். அப்போது அவர் இங்கே கடற்படைத் தளத்தில் கொதிகலன் பகுதியில் வேலை. போர் முடிந்து கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்த வருடம் அது என்பார். நியூவார்க்கின் லாரி டோபியும் அமெரிக்கக் கடற்படையில் இருந்துவிட்டு அந்த வருடம்தான் அணிக்குத் திரும்பினார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் டோபி அடிக்க வரும்போதெல்லாம் எனக்கு அம்மப்பாவின் காக்கி உடுப்புத்தான் கண்ணில் வரும்.

தொகுப்பின் மிகப் பெரிய நன்மை அதன் வெற்று நாட்கள். நான் முன்னம் இலவசமாக இறக்கிய ஓர் அட்டவணை எல்லா அணிக்கும் சமமாக ஆட்டங்களைப் பங்கிட்டு, வாரம் ஆறு நாளும் நிரப்பியிருந்தது. பார்க்க வடிவாக இருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஜூலைக்குள் எல்லா அணியும் ஒரே மாதிரி ஆகிவிடும். இவரோ திங்கள் முதல் வெள்ளி வரை அதிகமாக வெறுமையாக விட்டிருக்கிறார். ஞாயிறில் இரட்டை ஆட்டம், அதாவது ஒரே டிக்கெட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு. அணிக்குப் பதினாறு பதினேழு வீரர்கள், அதில் பிட்ச்சர்கள் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது ஞாயிறு இரண்டாவது ஆட்டத்துக்கு ஆள் இல்லாமல், வெளிக்களத்தில் நிற்கிற ஒருவரைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுக்க வேண்டி வரும். அந்த அணிகளில் பிட்ச்சர்கள் மற்ற இடங்களில் ஆடியதும், மற்றவர்கள் பந்து வீசியதும் இதனால்தான். டேயே பந்து வீசாத நாளில் வேறு இடத்தில் நிற்கிற ஆள்தான். புத்தகத்தில் படித்தால் அது ஒரு செய்தி. அட்டவணை அதை நம்மைச் செய்ய வைக்கிறது.

ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் வார இறுதிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், வொஷிங்டனில் கிரிஃபித் மைதானம் என்று அவர்களுக்கு இரண்டு வீடு. சனி ஒன்றில், ஞாயிறு மற்றதில். இடையில் பஸ், சுமார் 400 கிலோமீட்டர், மலைப்பாதை. இங்கிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் விடியப் புறக்கோட்டையில் இறங்கும்போது உடம்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கொழும்புப் பயணம் கிரேஸின் ஓட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் குறைவு. அவர்களுக்கு வழியில் கடை கடையாக "உனக்கு இங்கே சாப்பாடு இல்லை" என்ற பதிலும் சேர்த்து. தொகுப்பு இந்தச் சனி-ஞாயிறு ஓட்டத்தை அப்படியே வைத்திருக்கிறது, விளக்கக் குறிப்பில் இரண்டு மைதானத்தையும் பிரித்துக் காட்டுகிறது. ஃபோர்ப்ஸ், கிரிஃபித் இரண்டுமே பெரிய மைதானங்கள். வேலியைத் தாண்டுகிற ஹோம்ரன் அடி சுலபத்தில் விழாது. கிப்சனின் அடிகள் அங்கே எவ்வளவு பெறுமதி என்பது மைதானத்தைச் சரியாகப் போட்டால்தான் தெரியும்.

பருவம் இரண்டு பாதியாக நடந்ததையும் அவர் மறக்கவில்லை. முதல் பாதியில் முதலில் வந்த அணியும் இரண்டாம் பாதியில் முதலில் வந்த அணியும் மோதி லீக் சாம்பியனைத் தீர்மானிப்பது அன்றைய வழக்கம். 1946இல் நியூவார்க்கும் மொனார்க்ஸும் தங்கள் லீக்கில் இரு பாதியையும் வென்றதால் அந்த மோதலே தேவைப்படவில்லை. ஆனால் நம் கணினியில் அப்படி நடக்க வேண்டும் என்று இல்லையே. ஆகவேதான் லீக்குக்கு இரண்டு கோப்பு, மொத்தம் நான்கு. முதல் பாதி முடிந்ததும் புள்ளிப் பட்டியலைத் தாளில் எழுதிவைத்துவிட்டு இரண்டாவது கோப்பை ஏற்ற வேண்டும். கொஞ்சம் கைவேலை. எனக்கு அது பிடித்திருந்தது. ஓகஸ்ட் 15 வியாழனும் ஓகஸ்ட் 18 ஞாயிறும் வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன். அந்த வருடம் கிழக்கு-மேற்கு நட்சத்திர ஆட்டம் இரண்டு தடவை நடந்தது, வொஷிங்டனிலும் சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கிலும். சரியாக அந்த இரு நாட்களைத்தான் விட்டிருக்கிறார்.

இனிக் குறைகள்.

சின்னது முதலில். பருவம் தொடங்கும் நாள் என்ன கிழமை என்று விளையாட்டில் நாம் குறிக்க வேண்டும். அதைப் பதினெட்டுப் பக்கத்தில் எங்கும் சொல்லவில்லை. நான் விளையாட்டு தானாகத் தந்த கிழமையை விட்டுவிட்டேன். ஞாயிறு இரட்டை ஆட்டங்கள் எல்லாம் செவ்வாயில் விழுந்தன. மூன்று வாரம் ஓட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். மே மாதம் முழுவதையும் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அடுத்தது இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ். பெயரில் ஊர் இருந்தாலும் அவர்கள் அநேகமாக எப்போதும் வழியில் இருந்த அணி. தொகுப்பு அவர்களுக்கு மற்ற அணிகளைப் போல வீட்டு ஆட்டங்களைக் கொடுத்திருக்கிறது. வீட்டு அணி என்ற இடத்தை வெறுமையாக விட முடியாது என்பதால் ஏதோ ஓர் அணியைப் போட்டுத்தான் ஆக வேண்டும், அது விளங்குகிறது. ஆனால் கடைசியில் துடுப்பெடுத்தாடுவது வீட்டு அணி. அந்த வாய்ப்பு கிளவுன்ஸுக்குத் தேவைக்கு மேல் கிடைக்கிறது. நான் அந்த வரிகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். இரண்டு இரவு பிடித்தது.

சாம்பியன் தொடரிலும் ஒரு பிழை. நியூவார்க்குக்கும் மொனார்க்ஸுக்கும் நடந்த ஏழு ஆட்டத் தொடரின் முதல் ஆட்டம் செப்டம்பர் 17 அன்று நடந்தது போலோ கிரவுண்ட்ஸில். ஐந்தாவது சிகாகோவில். இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஊர்கள், கூட்டம் வரும் என்று கொண்டுபோனவை. தொகுப்பு முதல் ஆட்டத்தை நியூவார்க்கில் வைத்திருக்கிறது. செப்டம்பர் 29 ஏழாவது ஆட்டம், நியூவார்க் 3–2 என்று வென்றது, அது சரியான இடத்தில் இருக்கிறது.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. என்னை உண்மையில் கஷ்டப்படுத்தியது வேறு. ஜூன் நடுவில் ஒரு புதன்கிழமை, மெம்பிஸும் கிளீவ்லாந்தும். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று ரெட்ரோஷீட்டில் தேடினேன், சீம்ஹெட்ஸில் தேடினேன். எனக்கு அகப்படவில்லை. அதற்குப் பக்கத்து வரி அச்சில் வந்த ஆட்டம். இரண்டும் கோப்பில் ஒரே மாதிரி நிற்கின்றன. மேலும் தேடத் தேட அப்படியான வரிகள் இன்னும் வந்தன. அந்த இரவு நான் விளையாடவில்லை. எனக்கு அந்த ஆட்டம் நடந்திருக்கலாம் என்பதில் பிரச்சினை இல்லை. அது நடந்தது என்று கோப்பு சொல்வதில்தான் பிரச்சினை. ஓர் ஆட்டம் நடந்த வருடத்திலேயே எழுதப்படாமல் போனது ஓர் அநியாயம். நடக்காத ஒன்றை அதன் இடத்தில் எழுதி வைத்தால், உண்மையில் அன்று நடந்ததைத் தேடுகிறவன் "அங்கே ஏற்கனவே ஓர் ஆட்டம் இருக்கிறதே" என்று நின்றுவிடுவான். என்னுடைய கொப்பியில் 1987 பக்கத்தில் எத்தனை வெற்றுக் கட்டங்கள் இருக்கின்றன தெரியுமா? அவற்றை நிரப்ப என்னால் ஒரு பின்னேரத்தில் முடியும். அணிகளைத் தெரியும், ஆட்களைத் தெரியும். இருபது வருடமாக நிரப்பவில்லை.

தயாரித்தவருக்கு எழுதினேன். நீளமான கடிதம், மருமகன் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தான். மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். கிடைத்த ஆட்டங்களை மட்டும் போட்டால் சில அணிகளுக்கு ஆட்டம் மிகக் குறைந்து புள்ளிப் பட்டியல் நம்ப முடியாததாகிவிடுகிறது, ஆகவே அணிகள் போன வழியைப் பார்த்து, அவை பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்த நாட்களில் ஓர் ஆட்டத்தைப் போட்டேன் என்றார். ஒரு விளையாட்டுக் கோப்புக்கு அது நியாயமான முறைதான். "அவற்றுக்கு ஓர் அடையாளம் போட்டிருக்கலாமே" என்று திரும்ப எழுதினேன். ஒன்பது நாள் கழித்து ஒரு பட்டியல் வந்தது: தான் சேர்த்த வரிகள் எல்லாம், ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த நாள், ஏன் அந்த ஊர் என்ற காரணத்தோடு. மேலதிகக் காசு கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்த வரிகளுக்குத் தொடங்கும் நேரத்தை ஒரே வித்தியாசமான நிமிடத்தில் வைப்பதாகச் சொன்னார், கோப்பைத் திறந்ததும் கண்ணில் படும்படி. விற்ற பிறகும் இப்படி வேலை செய்கிற ஒருவரை நான் இந்தத் துறையில் முதல் தடவை சந்திக்கிறேன்.

பட்டியல் கைக்கு வந்ததும் முழு அட்டவணையையும் அச்செடுத்தேன். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கொமினிகேஷன் கடை. கடைக்காரத் தங்கச்சி, "ஐயா, இது கோயில் திருவிழா உபயப் பட்டியலோ?" என்று கேட்டா. நாள், ஊர், இரண்டு பெயர் என்று வரிசையாக இருந்தால் அப்படித்தான் தெரியும். சுருள் கம்பி போட்டுக் கட்டித் தந்தா. வீட்டில் இருந்து சேர்க்கப்பட்ட வரிகள் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் சின்ன வட்டம் போட்டேன். வட்டம் இல்லாதவை என் கொப்பியில் பேனையில் உள்ளவை போல, நடந்தவை; வட்டத்தில் உள்ளவை நடந்திருக்கக் கூடியவை. வட்டம் போட்ட ஆட்டங்களையும் ஆடுகிறேன், முடிவையும் எழுதுகிறேன். என் கணக்கில் அவற்றை வேறு பக்கத்தில் கூட்டுகிறேன்.

வாங்கலாமா? பேஸ்பால் விளையாட்டு ஏற்கனவே உங்களிடம் இருந்து, இந்த லீக்குகளில் ஆர்வமும் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். இலவசத் தரவில் இருந்து நீங்களே செய்யலாம். எனக்குக் கணக்குப்படி ஒரு வருடம் பிடித்திருக்கும். வாங்கும்போதே சேர்க்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியலைக் கேளுங்கள், தருவார். மே மாதத்தைத் தொடங்குமுன் முதல் நாளின் கிழமையைப் பாருங்கள். கிளவுன்ஸ் வரிகளை உங்கள் மனம்போல் மாற்றுங்கள். பேஸ்பால் புதிதாகப் பழகுகிறவருக்கு இது முதல் படியாகச் சரிவராது, ஏனென்றால் கைவேலை அதிகம்.

எனக்கு இப்போது ஓகஸ்ட் கடைசி வாரம். என் கணினியில் முதல் பாதி நியூவார்க்குக்கு, இரண்டாம் பாதியில் வெற்றி-தோல்விக் கணக்கில் கியூபன்ஸ் ஒன்றரை ஆட்டம் முன்னால். கிரேஸ் நாலாவது இடம். கிப்சனுக்கு 1946தான் கடைசிப் பருவம். 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்துபோனார். ஆகவே கிரேஸின் ஆட்டங்களை நான் வேகமாக ஓட்டுவதில்லை, ஒவ்வொரு பந்தாகப் பார்க்கிறேன். நாளைக்குக் கிரிஃபித் மைதானத்தில் இரட்டை ஆட்டம், பால்டிமோர் எலீட் ஜயண்ட்ஸோடு. முதலாவது பேனையில் உள்ளது. இரண்டாவதற்கு வட்டம் இருக்கிறது.